இரண்டாவது திரையில் காலமான மச்சானுக்கு

உ
சிவமயம்

இணுவில் கிழக்கு,
12.06, வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஆழ்வாப்பிள்ளைக்கு,

அத்தான் நமசிவாயம் வரைவது. இங்கு நான், உமது அக்கா இரத்தினம்மா, பிள்ளை ஆரபி மூவரும் கந்தசுவாமியார் கிருபையால் சுகம். கனடாவில் நீரும் சுகமாயிருக்கிறீர் என்று திடமாக நம்புகிறேன். ஊரில் இதை நம்புகிறவர்கள் இப்போதைக்கு நாங்கள் மூன்று பேர்தான். அதிலும் உமது அக்கா, செவ்வாய்க்கிழமை துக்கம் விசாரிக்க வந்த பெண்டுகளோடு சேர்ந்து தானும் ஒருபாட்டம் அழுதுவிட்டா. ஆகவே அவவை அரை ஆளாகத்தான் எடுக்கலாம்.

இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் பாதியில் ஏசிப்போட்டு வைத்துவிடுவீர். கடிதமென்றால் கடைசிவரை வாசிக்கத்தானே வேண்டும். அதனால் ஆற அமர எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

விசயத்துக்கு வாறன். நான் பென்சன் எடுத்த நாள் தொடக்கம் ஊரில் யார் கண்ணை மூடினாலும், முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். தேவாரம், வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, நன்றி நவிலல் எல்லாம் என் கைதான். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் ஏரம்பமூர்த்தி காலமானார். அவருக்கு ஒரு மலர். அதே நேரம், ஜூன் ஆறாம் திகதி உமக்கு அறுபது முடிகிறது, ஆரபியின் கலியாணத்துக்கு நீர் வந்து நிற்கையில் சபையில் வைத்துத் தரவேண்டும் என்று, உமக்குத் தெரியாமல் ஒரு மணிவிழா மலரும் தொடங்கியிருந்தேன். ஒரு சின்ன லப்ரொப் கணினியில் ஒருவரை வாழ்த்திக்கொண்டு இன்னொருவருக்கு அழுவது லேசான வேலையில்லை, மச்சான். ஒன்றைத் திறந்தால் மற்றது பின்னால் போய் ஒளிந்துவிடும்.

இதை உம்முடைய மகன் பிரவீணனிடம் வீடியோவில் சொல்லிக் குறைபட்டேன். அவன், "மாமா, அப்பா அனுப்பின தட்டைக் கொம்பியூட்டர், அந்த ரப்லெற் சும்மாதானே கிடக்கு? அதை லப்ரொப்புக்கு ரெண்டாவது ஸ்கிறீனா ஆக்கித் தாறன். ஒண்டிலை அவர், மற்றதிலை இவர். உங்களுக்குக் குழப்பமே வராது" என்றான். இரண்டையும் ஒரே வைஃபையில் பிடிக்கவைத்து, அங்கே தட்டுங்கோ, இங்கே ஓம் குடுங்கோ என்று அரை மணித்தியாலத்தில் செய்தும் தந்தான். ரப்லெற்றை லப்ரொப்பின் வலப்பக்கம் நிறுத்தச் சொன்னான். லப்ரொப்பின் வலது கரையால் அம்புக்குறியைத் தள்ளினால் அது வெளியேறி, பக்கத்தில் நிற்கும் ரப்லெற்றுக்குள் போகிறது. வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குள் நுழைந்த மாதிரி. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். லப்ரொப்பில் நீர், ரப்லெற்றில் ஏரம்பமூர்த்தி. அன்றைக்கு ஒரு நாள்தான் நிம்மதியாக வேலை செய்தேன்.

மறுநாள் காலமை உமது அக்கா பூப்பறித்துக்கொண்டு வந்தா. என் மேசைக்கு வலப்பக்கம் சாமியறை வாசல் என்பது உமக்குத் தெரியும். "செத்த மனிசன்ரை படத்தைச் சாமியறைக்கு நேரை வைச்சிருக்கிறியள், உங்களுக்கென்ன வயசுபோய் அறளை பேந்திட்டுதே?" என்றா. நியாயம்தானே. ரப்லெற்றைத் தூக்கி இடப்பக்கம் வைத்தேன். வைத்தது எனக்குத் தெரியும், உமது அக்காவுக்குத் தெரியும், முருகனுக்கும் தெரியும். லப்ரொப்புக்குத் தெரியாது! அது இன்னும் ரப்லெற் வலப்பக்கம் நிற்கிறதென்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இடப்பக்கம் தள்ளினால் அம்புக்குறி கரையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கோபத்தில் வலப்பக்கம் தள்ளினால் சாமியறைப் பக்கமாகப் போய் மறைந்து, இடப்பக்கத்து ஏரம்பமூர்த்தியின் காதடியில் வந்து நிற்கிறது. நான் எழும்பி மேசையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. உமது அக்கா கற்பூரம் கொளுத்தினா.

இதற்குள் இன்னொரு சிக்கல். நான் எந்தத் திரையை நினைத்துக்கொண்டு எழுதுகிறேனோ அதில்தான் எழுத்து விழும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், கடைசியாக எதில் குத்தினேனோ அதில்தான் விழுமாம். இதை ஆரபி பிறகுதான் சொன்னாள். தட்டும்போது நான் விசைகளைப் பார்ப்பேனேயொழிய திரையைப் பார்ப்பதில்லை. உமது பெயர், பிறந்த ஊர், படித்த படிப்பு, ஊர்க் கேணிக்கு நீர் மதில் கட்டுவித்தது எல்லாம் உருக்கமாக எழுதினேன். அத்தனையும் ஏரம்பமூர்த்தியின் இடத்தில் போய் விழுந்திருக்கிறது. உமது படத்தை இழுத்தேன், காணாமல் போய்விட்டது. போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டதாக்கும் என்று விட்டுவிட்டேன். ‘அமரர்' என்ற சொல்லை நான் எழுதவில்லை, மச்சான், அது முதலே அங்கே இருந்தது. ‘தோற்றம்' என்ற இடத்தில் உமது பிறந்த திகதி சரியாக விழுந்தது. ‘மறைவு' என்ற இடத்தில் அறுபது முடியும் திகதி விழுந்தது. மணிவிழா மலரில் ஏரம்பமூர்த்தி நூறாண்டு வாழ வாழ்த்தப்பட்டிருக்கிறார். நல்லகாலம், அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

மற்றது, நினைவு மலர், அச்சுக்குப் போய்விட்டது. மருதனார்மடத்தில் அச்சகம் வைத்திருக்கும் நீக்கிலாப்பிள்ளையிடம்தான் பதினைந்து வருசமாக அடிக்கிறேன். அந்த நல்ல மனிசன், "ஐயாவின்ரை சொந்த மச்சானல்லோ" என்று, கேளாமலே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடித்து, சந்தியிலிருந்து எங்கள் ஒழுங்கை வரைக்கும் ஒட்டுவித்துவிட்டார். மதிலுக்கு மதில் நீர் சிரித்துக்கொண்டு நிற்கிறீர். ஞாயிற்றுக்கிழமை ஏரம்பமூர்த்தியின் முப்பத்தொன்று. பந்தி முடிய, அவர் மனைவி நல்லம்மா மலர்க் கட்டைப் பிரித்தா. இருநூறு மலரிலும் உமது முகம். நல்லம்மா, "இவர் ஆர்?" என்று கேட்டா. மற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, அழத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போனவருக்கு ஞாயிற்றுக்கிழமையே மலர் கொண்டுவந்த என் வேகத்தை இரண்டு பேர் மெச்சினார்கள்.

"இல்லை, ஆள் உயிரோடை இருக்கிறார்" என்று நான் வாசலில் நின்று கத்தாத குறை. சொல்லச் சொல்ல என் முதுகைத் தடவுகிறார்கள். "பாவம், மனிசன் அதிர்ச்சியிலை கதைக்குது" என்று சோடா வாங்கித் தருகிறார்கள். எனக்கே ஒருக்கால் சந்தேகம் வந்துவிட்டது. மலரை எடுத்து வாசித்துப் பார்த்தேன். மச்சான், அதை வாசித்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

இவ்வளவும் போகட்டும். ஆரபியின் கலியாணம் இருபத்தேழாம் திகதி. மாப்பிள்ளை மயூரதன் நோர்வேயிலிருந்து வந்து நெல்லியடியில் தாய் தகப்பனோடு நிற்கிறார். லீவு முடிந்து இரண்டாம் திகதி போக வேண்டும், பிறகு ஆடி, பிறகு அடுத்த வருசம். சந்திச் சுவரொட்டியை யாரோ படம் பிடித்துச் சம்பந்தி பொன்னுத்துரையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார்கள். "செத்தவீட்டை மறைச்சுக் கலியாணம் செய்யப் பார்க்கிறியளோ?" என்று போனில் சீறினார். நான் பதறிப்போய், "இல்லை, அப்பிடியெண்டாலும் தாய்மாமன் செத்ததுக்கு மூண்டு நாள் துடக்குத்தானே, அதோடை தீட்டுக் கழியுது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப செத்தது உண்மைதான்" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கிறாரில்லை. ஆறு சாதகம் பொருந்தாமல் ஏழாவதாகப் பொருந்தின இடம். ஆரபி கலியாணக் கூறைச் சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள், காலையில் கூட்டின அதே முற்றத்தை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆனபடியால் மச்சான், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு எங்கள் நேரம் காலமை பத்து மணிக்கு வீடியோவில் வாரும். நான் எப்படியாவது சம்பந்தி வீட்டுக்கே ரப்லெற்றைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு முன்னால் பிடிப்பேன். அன்றைய பேப்பரைக் கையில் வைத்திரும். சுவரொட்டியில் இருப்பதுபோல் பட்டு வேட்டி வேண்டாம், திருநீறும் அளவாகப் பூசும். முக்கியமாக, அசைந்துகொண்டே இரும். உம்முடைய வீட்டு இணைப்பு அடிக்கடி உறைந்துபோவது. அந்த நேரம் பார்த்து உறைந்தால், படத்தைக் காட்டி ஏமாற்றுகிறேன் என்பார்.

உமக்கும், குடும்பத்தாருக்கும் கந்தன் சகல சௌபாக்கியங்களும் தருவாராக. குறிப்பாக உமக்கு நீண்ட ஆயுளைத் தருவாராக. இதைச் சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

இப்படிக்கு,
உம்மை உயிரோடு பார்க்க விரும்பும் அத்தான்,
நமசிவாயம்.

பிற்குறிப்பு: கடிதத்தை அனுப்பப் போகையில் வாசலில் வான் வந்து நின்றது. சம்பந்தி பொன்னுத்துரை! கையில் உமது நினைவு மலர். கண் சிவந்திருந்தது. யாரோ கொடுத்தார்களாம், இரண்டு தரம் வாசித்தாராம். "இப்பிடி ஒரு மனிசன் பிறந்த குடும்பத்திலை பெம்பிளை எடுக்க நாங்கள் குடுத்து வைச்சிருக்க வேணும், கோவத்திலை கதைச்சதை மனசிலை வைக்காதேங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணம் குறித்த நாளில் நடக்குமாம். அவருக்கு ஒரேயொரு ஆசையாம்: ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உமது எட்டாம் நாள் சடங்கை, இரண்டு நாள் பிந்தினாலும், இந்த வீட்டிலேயே முறையாகச் செய்ய வேண்டுமாம், செத்தவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டுமாம், அவர் இருபது பேரோடு வருகிறாராம். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உமது அக்கா என் காலை மிதித்தா. ஆரபி ஐந்து நாளுக்குப் பிறகு சிரித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே ஞாயிறு தயவுசெய்து வீடியோவில் வராதேயும். போனும் எடுக்காதேயும். விமான ரிக்கெற்றை இருபத்தெட்டாம் திகதிக்கு மாற்றும். தாலி ஏறின பிறகு வசதிப்படி உயிரோடு வரலாம். உமது அக்கா அவசரமாகக் கேட்கச் சொன்னா: படையலுக்குக் கணவாய்க் கறியோ, நண்டுக் கறியோ? உமக்கு இப்போது எது பிடிக்கும் என்று உடனே எழுதும்.