வாளி அக்காவும் ஆறாவது பந்தும்

இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியவர்களில், பிளாஸ்டிக் வாளியோடு தேசிய அணிக்குள் நுழைந்தவர் எங்கள் வாளி அக்கா ஒருவர்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுக் கோப்புகளில் சந்தேகத்துக்கு இடமின்றிக் குறிப்பு எழுதியவன் நான். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

தென்காசியில் எங்கள் அலுவலகத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளராக வந்தார். நான் கண்காணிப்பாளர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனால் காவலாளி முதல் நான் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். வாளி வந்த கதை எளிது. சாரல் தொடங்கினால் ஊரே குற்றால அருவியில் தலையைக் கொடுக்கும். இவர் பந்தைக் கொடுப்பார். மதிய இடைவேளையில் ஆறு பந்துகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்ட எடுத்து, தாழ்வாரத்தில் சுழற்றி வீசுவார்.

"ஏம்மா, நனைஞ்ச பந்து வழுக்காதா?"

"வழுக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. ராத்திரி மேட்ச்ல பனி விழுந்தா மத்தவளுவ துண்டத் தேடுவாளுவ. எனக்கு அது நம்ம குத்தாலம் மாதிரிலா இருக்கும்!"

ஒருநாள் ஒரு பந்து அதிகாரியின் அறைக்குள் திரும்பி, மேசைக்கு அடியில் போய், அவர் செருப்பைத் தொட்டு நின்றது. எங்கள் இருவரையும் அழைத்தார்.

"என்னது இது?"

"லெக் ஸ்பின் சார்," என்றார் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்தார். அது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த ஆண்டே இந்திய அணியில் இடம் கிடைத்தது. வெளிநாட்டுப் பயணம். அரசு ஊழியர் என்பதால் தடையின்மைச் சான்று வேண்டும். எங்களிடம் இருந்த படிவத்தில் பயணத்தின் நோக்கம் மூன்றுதான்: யாத்திரை, மருத்துவம், உறவினரைப் பார்த்தல். அக்கா மருத்துவத்தில் டிக் அடித்திருந்தார்.

"யாருக்கும்மா நோவு?"

"இன்னும் யாருக்கும் இல்ல அண்ணாச்சி. நான் போயி நாலு ஓவர் போட்ட பொறவு அந்த டீம்காரிகளுக்கு வரும்."

வெள்ளைத்தாளில் வேறு விண்ணப்பம் எழுத வைத்தேன். சான்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் இவர் இடம் இன்னொருத்திக்கு. வெள்ளி மதியம்வரை கோப்பு அதிகாரியின் மேசையிலேயே கிடந்தது. அவர் ஒரு காலத்தில் கல்லூரி அணியின் தொடக்க ஆட்டக்காரர். எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் அவரே சொல்வார்.

"பொம்பளைப் பிள்ளைய ஆட்டத்துக்கு எதுக்குவே ஃபாரின் பெர்மிஷன்?" என்று என்னிடம் கேட்டார். விதியைப் படித்துக் காட்டினேன். அதிகாரிகளுக்கு விதியைப் படித்துக் காட்டினால் கோபம் வரும். "சரி, ஆறு பந்து போடச் சொல்லும். ஒண்ண அடிச்சிட்டேன்னா ஃபைல் அடுத்த மாசந்தான்" என்றார்.

அலுவலகத்தின் பின்புறம் ஆட்டம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டம்புக்குப் பதில், 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்ற தகரப் பலகை. நடுவர் நான். என் பதவி உயர்வுக் கோப்பும் அப்போது அதே மேசையில்தான் இருந்தது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முதல் பந்து அனுமதியின்றி உள்ளே போனது. பலகை கணீரென்றது.

"இது ட்ரையல்," என்றார் அதிகாரி.

இரண்டாவதும் பலகையில். "மழை கண்ணுல அடிக்குதுவே!" அடுத்த மூன்று பந்துகளும் மட்டையும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. ஆறாவது பந்துக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். பந்து மதிலைத் தாண்டி, பக்கத்துத் தோப்புக் கிணற்றில் 'தொபுக்' என்று விழுந்தது. அதிகாரி அடித்தால் கைதட்ட வேண்டும் என்பது எழுதாத விதி. எல்லோரும் தட்டினார்கள்.

அக்கா காலி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி..." என்றார், அவ்வளவுதான்.

நான் தொண்டையைச் செருமினேன். "சார், மொதப் பந்துலயே நீங்க அவுட். அவுட் ஆனவரு பொறவு அடிச்சது எதுவும் செல்லாது. அதிகார வரம்புக்கு வெளிய."

"ட்ரையல்னு சொன்னம்லாவே?"

"அத பந்து போடுததுக்கு முந்தியே சொல்லியிருக்கணும் சார். பின்னால போட்ட ஆர்டர முந்தின பந்துக்குச் செல்லுபடியாக்க முடியாது."

அதிகாரி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நீட்டிய கோப்பில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மை கரைந்துவிட்டதால் உள்ளே வந்து இன்னொரு முறையும் போட்டார். என் பதவி உயர்வு எட்டு மாதம் தாமதமாக வந்தது.

அக்கா போனார். பனி விழுந்த முதல் ஆட்டத்திலேயே மூன்று விக்கெட். மறுநாள் அலுவலகத் தொலைபேசியில், "அண்ணாச்சி, மூணு பேருக்கு நோவு!" என்று கத்தினார்.

அதன்பின் பல ஆண்டுகள் ஆடினார். தோள்பட்டை தேய்ந்த பிறகு ஒருநாள் என் முன் ஒரு கடிதத்தை வைத்தார். கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு; உரிய வழியில், என் மூலமாக. அதற்கும் எங்கள் அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லை. "எம்மா, இத இங்க குடுக்க வேண்டாமே" என்றேன்.

"நீங்கதான அண்ணாச்சி அனுப்பி வச்சிய? உங்ககிட்டதான் குடுக்கணும்."

வரிசை எண் போட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் ஓய்வுபெற்றபோது எல்லாக் கோப்புகளையும் பட்டியலிட்டு ஒப்படைத்தேன், அந்த ஒரு தாளைத் தவிர. இப்போதும் சாரல் தொடங்கினால், குற்றாலம் போகும் வழியில் உள்ள தன் வீட்டு மதிலில் வாளி அக்கா நனைந்த பந்தை எறிந்துகொண்டிருப்பார். என்னைக் கண்டால், "அண்ணாச்சி, அந்த லெட்டர் என்னாச்சு?" என்பார்.

"பரிசீலனையில இருக்கும்மா. நீ போடு" என்பேன்.

என் பணிக்காலத்தில் நான் வேண்டுமென்றே தாமதப்படுத்திய கடிதம் அது ஒன்றுதான். இனியும் அனுப்புவதாக இல்லை.