மாமாவின் வேனில் பல்கனி சீற்றுகள்

நாவற்குடா,
1998 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் கடைசித் தங்கையின் மகன் ஞானசேகரம் எழுதுவது. அம்மா சுகம், மாமி சுகம். திருகோணமலைக் கந்தோரில் நீங்களும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

இன்று காலை ஆறு ஐம்பதுக்குக் கல்லடிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் உங்கள் வேனிலிருந்து இறங்கிய தலைகள் பதினான்கு. பதிவுப் புத்தகத்தின்படி அதில் ஏறக்கூடியவை மூன்று. மிச்சம் பதினொன்றில் ஒன்று உங்கள் மகள், என் மச்சாள்.

வேன் வாங்கியபோது சாவியைப் பேரின்பம் அண்ணனிடம் கொடுத்தீர்கள். பெரியம்மாவின் மகன், எனக்கு மூத்தவர், மச்சாளுக்கு என்னைப்போலவே முறை மச்சான், எல்லாம் சரி. எனக்குப் பொறாமை என்று மாமி நினைக்கிறா. பொறாமை இல்லை, தொழில்நுட்பக் கேள்வி ஒன்றுதான்: மோட்டார் பொறியியலில் டிப்ளோமா எடுத்தவன் பக்கத்து வளவில் இருக்க, ஓ.எல். சோதனையில் கணக்கில் இரண்டு தரம் விழுந்தவரிடம் ஏன் கொடுத்தீர்கள்? அவருக்கு மீசை வடிவுதான். மீசையைப் பார்த்து லைசென்ஸ் கொடுப்பதில்லை. சித்திரை வருஷத்துக்கு நீங்கள் லீவில் வந்து மச்சாளின் கலியாணத்தைப் பேசி முடிக்கப்போவதாகவும் மாமி சொன்னா. மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். "வேன் ஓடுற பிள்ள எண்டாலும் உழைக்குதுதானே மனே" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

செங்கலடிப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் பஸ்ஸில் நின்று போய் மச்சாளுக்குக் கால் வீங்குகிறதாம். இரக்கப்பட்ட அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சாமான் ஏற்றப் பதிந்த வேனுக்குள், டவுனில் மூடிக்கிடக்கும் தியேட்டரிலிருந்து பதினொரு கதிரை வாங்கி, வெல்டிங் லயனலைக் கொண்டு பூட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவப்பு றெக்சின் கதிரைகள், நம்பர்கூட அழியவில்லை. மச்சாளுக்குப் பல்கனி B வரிசை ஏழாம் நம்பர், ஜன்னலோரம். மற்றவர்களிடம் கூலி, மச்சாளிடம் சிரிப்பு.

இன்று முதல் ஓட்டம். நான் பின்னால் சைக்கிளில் வந்தது தற்செயல்தான், நாவற்குடாவிலிருந்தே தற்செயல். சாவடியில் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், வேன் வெறுமையாகத் தனியே போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். லயனல் அந்த மடக்குக் கதிரைகளுக்குப் புது ஸ்பிரிங் போட்டிருக்கிறார், மறுகா என்ன, ஆள் எழும்பினால் சீற் தானாக மடிந்து பின்னால் உள்ள இரும்பில் போய் அடிக்கும், ஒரு ஆள் எழும்பினால் ஒரு அடி, பதினொரு பேரும் இறங்கும் அவசரத்தில் ஒன்றாக எழும்பினால் என்ன நடக்கும் என்று டிப்ளோமா இல்லாதவனுக்கும் விளங்க வேண்டும். டப் டப் டப் டப் என்று தொடங்கியதுதான், ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால் விழ, பயணிகள் றோட்டில் விழ, மீன்கூடைக்காரர் கூடையோடு விழ, நானும் சைக்கிளுக்குக் கீழே விழுந்துகிடந்தேன். மச்சாள் புதுச் சாறியோடு மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தா. வேனின் அடிப்பக்கத்தை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். சீற்றுக்கு இரண்டு போல்ட்! அதுவும் வெறும் தகட்டில் முறுக்கியது!

கோப்ரல் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தார். பேரின்பம் அண்ணன் கைகளைத் தூக்கியபடியே சிங்களத்தில், "தியேட்டர் கதிரை சேர், சத்தம் அதுதான், இருந்து பாருங்க" என்றார். கோப்ரல் உள்ளே போய் இருந்தார், எழும்பினார், டப். மறுபடி இருந்தார், எழும்பினார், டப். பிறகு வெளியே தலையை நீட்டி, "படம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தா. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நான் எழும்பி, இந்த வாகனம் மூன்று பேருக்குத்தான் பதிவு என்று உள்ளதைச் சொன்னேன். கோப்ரல் வேனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். நீ யார், வேனுக்குப் பின்னால் ஏன் வந்தாய், தலைகளை எதற்கு எண்ணினாய்? கடைசியில் அண்ணன் வந்து, "என்ட தம்பி சேர், கூடுதலாப் படிச்சதால கொஞ்சம் இப்பிடி" என்று கேட்டு என்னைக் கூட்டிவந்தார். அந்த உதவியை நான் கேட்கவில்லை.

நேரே டவுனுக்குப் போய் இன்சூரன்ஸ் கந்தோரில் மொறிஸ் ஐயாவிடம் விசாரித்தேன்.

"பொலிசி சாமான் வேனுக்குத்தான் தம்பி. மூண்டு பேருக்கு மேல ஏத்தி ஏதும் நடந்தா, கம்பனி பதிவுப் புத்தகத்தப் பார்க்கும். அதில இல்லாத சீற்றில இருந்த ஆளுக்கு ஆர் காசு குடுக்கிற?"

"ஆர் குடுக்கிற?"

"புத்தகத்தில பேர் இரிக்கிற உரிமைக்காரர்தான். கூலிக்கு ஏத்தினா அது வேற வழக்கு, அதுக்கு அனுமதி வேணும். ஆர்ட வேன்?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டன் ஐயா."

"பேச்சுக்கு வேன் எண்டா இன்சூரன்ஸும் பேச்சுக்குத்தான்."

புத்தகத்தில் இருப்பது உங்கள் பேர், மாமா. வீட்டில் கை வைக்க முடியாது, அது மாமியின் பேரில் உள்ளது, மச்சாளுக்குச் சீதனமாகப் போவது. நான் அந்த வீட்டைக் கணக்குப் பார்த்ததாக நினைக்க வேண்டாம், சட்டத்தைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் வயல் வட்டை உங்கள் பேரில் இருக்கிறது. ஒரு மீசைக்காக அதை இழக்கலாமா?

ஆகவே சாவியை உடனே திருப்பி வாங்குங்கள். கதிரைகளைத் தியேட்டருக்கே அனுப்புங்கள். ஒழுங்காக நாலு போல்ட் முறுக்கத் தெரியாத ஆளுக்கு மச்சாளைக் கொடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் பாதங்களை வணங்கி, ஆசியை எதிர்பார்த்திருக்கும் மருமகன்,
க. ஞானசேகரம்
(டிப்ளோமா)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் வாசல் கடப்படியில் வேன் வந்து நின்றது. பேரின்பம் அண்ணன், மாமி, மச்சாள்.

"தம்பி, இவ இனி ஏறமாட்டாவாம்" என்றார் அண்ணன். "நீ பார்த்து நல்லமெண்டு சொன்னாத்தான் ஏறுவாவாம். முறுக்கிற வேலையும் கச்சேரியில பதிவு திருத்துற வேலையும் நீயே பாரு. இந்தா போம், எனக்கு ஒண்டும் விளங்குதில்ல."

"லயனல் இரிக்கார்தானே" என்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தா. "ஊரே உசிருக்குப் பயந்து மண்ணுல கிடக்கக்குள்ள, 'ரெண்டு போல்ட்தான் இரிக்கு' எண்டு கத்தினது லயனலா? நீங்கதானே மச்சான்?"

அவ என்னை மச்சான் என்று கூப்பிட்டுப் பல வருஷம். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், மாமா. கிழித்து வேறு எழுதத் தாள் இல்லை. வேன் நல்ல வேன். அண்ணனும் கெட்டவர் இல்லை. நான் இனிச் செய்யப்போவது:

1. விடிந்ததும் பதினொரு சீற்றையும் கழற்றி, அடியில் இரும்புப் பட்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட் போடுவேன். மடிந்து அடிக்கும் இடத்தில் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டுவேன்.

2. வேனைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைத் திருத்தி, கூலிக்கு ஓட அனுமதி கேட்டு, மொறிஸ் ஐயாவுக்கும் எழுத்தில் அறிவிப்பேன். போம் இத்துடன் வருகிறது, புள்ளடி போட்ட இடங்களில் ஒப்பமிடுங்கள். சீற் குறைக்கச் சொன்னால் குறைப்பேன். B வரிசை ஏழைத் தொடமாட்டேன்.

3. அதுவரை மச்சாளைப் பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விடுவேன். மாமி சம்மதித்துவிட்டா. மச்சாள் தன் சைக்கிளில், நான் என் சைக்கிளில்.

4. டிரைவர் சீற்றில் ஏறி இருந்து பார்த்தேன். அண்ணனின் கண்ணாடியில் பின்னால் வரும் றோட்டு ஒரு துளியும் தெரியவில்லை, மச்சாளின் சீற் முழுசாகத் தெரிகிறது. அந்தக் கண்ணாடியைச் சரியான கோணத்துக்குத் திருப்பி, இனி ஒருவரும் அசைக்காதபடி வெல்டிங் பிடித்துவிடுவேன்.