மேச்சேரிக் கிடாவுக்கு நான் போட்ட கட்டளை

வேடம் கட்டுகிறவன் முதலில் தனக்கு என்ன வரும் என்று பார்க்க வேண்டும். நான் எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில், மேச்சேரிப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு இளவட்டங்கள் சேர்ந்து மாயாஜால நாடகம் போட்டோம். அவரவர் பாத்திரத்தை அவரவரே உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் நாடக வாத்தியார் பழனிசாமி ஒரு சட்டம் வைத்திருந்தார்: பாத்திரத்துக்கு ஒரு சக்தி கொடுத்தால், அதற்கு ஈடான வித்தை நடிக்கிறவனிடம் இருக்க வேண்டும். தென்னை ஏறும் ஆறுமுகம் பறக்கும் அரக்கன் ஆனான். மூட்டை தூக்கும் சின்னத்தம்பி மலையைப் பெயர்த்தான். நானோ சேலத்து ஜவுளிக்கடையில் துணி மடிப்பவன்.

"உனக்கு என்ன வரும் சாமி?" என்று கேட்டார் வாத்தியார்.

"சத்தமாப் பேசுவேனுங்க. நல்லா ஓடுவேனுங்க."

"அப்பச் சேதி கொண்டார சேவகனாப் போட்டுக்க."

சேவகனா! என் மாமன் மகள் சரசு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாளே? அவளை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். செம்மறி வளர்க்கும் மாமாதான், "ஆட்டக் கண்டாப் பயப்படறவனுக்கு எப்படிங்க புள்ளையக் குடுக்கறது?" என்று இழுத்துக்கொண்டிருந்தார். (உண்மையில் எனக்குக் கோழி என்றாலும் பயம்தான்.) அவர் வாயை அடைக்கவே, பார்வையால் மிருகங்களைச் சிலையாக்கும் மாயாவியை உருவாக்கினேன். வித்தை? "ஆடெல்லாம் எம்பேச்சக் கேக்குமுங்க" என்று வாத்தியாரிடம் கூசாமல் புளுகினேன். மாமாவிடமே கிடா கேட்டோம். "நானும் பாக்கறேன்" என்று அவிழ்த்துக் கொடுத்தார்.

மேடையில் கண்ணை உருட்டி, "அசையாதே!" என்று கர்ஜித்தேன்.

கிடா அசைந்தது. என் வயிற்றைப் பார்த்து அசைந்தது. ஒரே முட்டு, கிரீடம் ஒரு பக்கம், தாடி ஒரு பக்கம். மேடையிலிருந்து குதித்து ஓடினேன். (ஓடுவேன் என்று சொன்னதில் பொய்யே இல்லை.) கிடா விடுவதாயில்லை. எங்கே போகிறேன் என்றே தெரியாமல் ஓடி, மாமாவின் ஆட்டுப்பட்டிக் கூரைமேல் ஏறிக்கொண்டேன். கைதட்டிக்கொண்டே ஊரும் வந்து சேர்ந்தது.

சரசு கிடாவின் காதைப் பிடித்து, "வா சாமி" என்றாள். அது சமர்த்தாகப் பட்டிக்குள் போனது.

மாமா அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க மாப்ள, எறங்கறீங்களா, சோத்த மேலயே கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அப்போது சரசு சொன்னாள்: "குடுக்கறதுன்னாக் குடுங்கப்பா. ஆட்ட நான் பாத்துக்கறேன். இவரையும் நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வீட்டில் கறிக்குழம்பு வைக்கும் நாளெல்லாம், பேரப்பிள்ளைகள் எதிரில் என் தட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுச் சொல்வாள்:

"பயப்படாமச் சாப்புடுங்க. இது அசையாது."