ஓவிக்கு வயிறு சரியாகத்தான் இருக்கிறது

ஆகுர்டி, புனே

அன்புள்ள லீலா அக்காவுக்கும் அத்திம்பேரின் இரண்டு முழங்கால்களுக்கும் தம்பி ரங்கராஜன் அநேக நமஸ்காரம். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ப்ரீதியும் மாப்பிள்ளையும் சுகம். நான் இல்லை. கடிதம் கண்டதும் அத்திம்பேரிடம் எனக்குக் கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் போடச் சொல். போனில் பேசினால் ப்ரீதி காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாம் அவள் ஆரம்பித்து வைத்தது. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன மனுஷன் எதிர் ஃப்ளாட் மீட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவது நன்றாக இல்லை என்று, கசார்வாடியில் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் என்னைச் சேவைக்குச் சேர்த்துவிட்டாள். துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நடத்துவது பானு, தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எனக்கு மராட்டியும் வராது, இந்தியும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். குழந்தைகளோடு இருக்க பாஷை எதற்கு என்று பானு சிரித்துவிட்டாள்.

போன வாரம் ஓவி என்று ஒரு பெண் குழந்தை புதிதாக வந்தது. இரண்டு வயது இருக்கும். அம்மா சவிதா, புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பக்கத்துப் பட்டறையில் இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மா தலை மறைந்ததுமே குழந்தை "ஆயி, ஆயி" என்று அழ ஆரம்பித்தது. இந்த ஊருக்கு வந்து எனக்குப் புரிந்த முதல் சொல், அக்கா. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி, "ஆய் போ கண்ணே, ஆய்" என்று உட்கார வைத்தேன், ஒன்றும் வரவில்லை, வெளியே தூக்கி வந்தால் மறுபடியும் ஆயி, மறுபடியும் உள்ளே, இப்படியே நடந்து நடந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. பேதியோ மலச்சிக்கலோ, ஒன்றும் பிடிபடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, எங்கே பழுது என்று தெரியாவிட்டால் முதலில் சப்ளையை நிறுத்துவது என் வழக்கம். பாலை நிறுத்தினேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன். பானு கடைக்குப் போயிருந்தாள், சமையல்காரம்மாவிடம் ஜாடை காட்டி சவிதாவுக்கு போன் போடச் செய்து, நானே வாங்கி "பேபி, டாய்லெட், சீரியஸ்" என்று கத்தினேன்.

அவள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவளைப் பார்த்ததும் குழந்தை "ஆயி" என்று பாய்ந்தது. பார்த்தாயா, மறுபடியும் வந்துவிட்டது என்று நான் நடுவில் புகுந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். பின்னாலேயே சவிதா. அவளுக்குப் பின்னால், அப்போதுதான் திரும்பி வந்த பானு.

"அரே அங்கிள், மராட்டில ஆயின்னா அம்மா. பாவம், காலைல இருந்து அது அம்மாவைத்தான் கேட்டிருக்கு."

அம்மா வேண்டும் என்று அழுத குழந்தையைப் பட்டினி போட்டுக் கக்கூஸில் உட்கார வைத்திருக்கிறேன். சவிதா திட்டியிருந்தாலாவது தேவலை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை பாதியில் ஓடினால் வேலைக்கே வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். ஓவியோ என் கண்ணாடியைப் பார்த்தாலே வீறிடுகிறாள். அவள் அங்கே இருக்கமாட்டேன் என்றால் அவள் அம்மாவுக்கு வேலை போய்விடும், அந்தப் பாவம் எனக்குத்தான். எனக்குத் தூக்கமே இல்லை. நான் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது ஒன்றே நான் செய்யக்கூடிய சேவை. சைடு லோயர் பர்த்தானாலும் பரவாயில்லை.

உங்கள் இருவருக்கும் பெருமாள் ஒரு குறையும் வைக்கவேண்டாம். என்னைச் சேவைக்கு அனுப்பும் எண்ணத்தையும் யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
கலங்கிப்போன உன் தம்பி,
ரங்கராஜன்

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் பானுவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்று காப்பகத்துக்குப் போனேன். சவிதா பட்டறைக்குப் போய்விட்டிருந்தாள். ஓவி அழவில்லை. நேரே வந்து என் விரலைப் பிடித்து "ஆய்" என்றாள். நான்தான் இப்போது மராட்டி படித்தவனாயிற்றே. ஆயி சாயங்காலம் வந்துவிடுவாள் கண்ணே என்று தூக்கிக்கொண்டுபோய், வாசலில் நின்று ரோட்டைக் காட்டித் தேற்றினேன். அவளும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். என் சட்டையெல்லாம் ஆய் ஆனபிறகுதான் புரிந்தது, குழந்தை எனக்காகத் தமிழில் சொல்லியிருக்கிறது. டிக்கெட் வேண்டாம். அத்திம்பேரின் பழைய வேஷ்டி இருந்தால் நாலைந்து அனுப்பு.