வெந்நீர் ஊற்றுக்குப் பொறுப்பாளர்

ஒரு காட்டில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. அதைச் சூடாக வைத்திருக்கும் உத்தியோகத்தில் ஒரு பெருச்சாளியும் இருந்தார். பெயர் தொந்தியப்பன். தாத்தா பார்த்த வேலை அப்பாவுக்கு வந்து, அப்புறம் இவருக்கு வந்தது. காலையில் ஊற்றங்கரை வளைக்குள் ஒருதரம் தலையை விட்டு, "ம்ம், நல்லா எரியுது" என்று சொல்லிவிட்டு வெளியே எடுப்பார். அவ்வளவுதான் வேலை. ராஜாவான புலிக்கு முழங்கால் வலி. ஊற்றில் முங்கினால்தான் நடை. ஆகவே காடே தொந்தியப்பனுக்குக் கிழங்கு கொண்டுவந்து கொட்டியது.

இந்தப் பிழைப்பில் மண்ணைப் போட ஓர் அழுங்கு வந்து சேர்ந்தாள். செதிலி என்று பெயர். உடம்பெல்லாம் செதில், வாயெல்லாம் கேள்வி. எறும்பு தேடி ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனவள், தின்றோமா தூங்கினோமா என்று இல்லாமல் நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"ராஜா, கீழே யாரும் எதையும் எரிக்கலைங்க. பாறைக்குள்ள யுரேனியம், தோரியம்னு அணுக்கள் இருக்கு. அதுங்க தானா உடையுது. உடையறப்போ சூடு வருது. ஐயா வளைக்குள்ள தலையை விட்டாலும் வரும், விடாட்டியும் வரும்."

இந்த வயதில், இந்தத் தொந்தியோடு, சொந்தமாகக் கிழங்கு தோண்டுவதைத் தொந்தியப்பன் நினைத்துப் பார்த்தார். கண்ணில் நீரே வந்துவிட்டது.

புலிக்கு முழங்கால் கவலை. "உடைஞ்சு உடைஞ்சு தீர்ந்துபோயிடுமா?"

"இப்போதைக்கு இல்லைங்க. யுரேனியத்துல பாதி உடையவே நானூத்தம்பது கோடி வருஷம் ஆகும். பூமி பிறந்த புதுசுலதான் பயங்கரச் சூடு. அப்போ இந்த அணுக்கள் நிறைய இருந்துச்சு, வேகமா உடையற வேற சிலதும் இருந்துச்சு. வானத்துலேருந்து கல்லு வந்து மோதின சூடும் சேர்ந்து பூமியே உருகிப்போச்சு. இரும்பெல்லாம் அடிவயித்துக்கு இறங்கிடுச்சு."

சபை வாயைப் பிளந்தது. தொந்தியப்பன் மட்டும் காதை நிமிர்த்தினார். தலைமுறை தலைமுறையாக உத்தியோகம் பார்த்த மூளை அது, சும்மாவா?

"பாப்பா, அந்தச் சமயத்துல சூட்டுக்குப் பொறுப்பாளர் யாரு?"

"அப்போ யாருமே இல்லையே."

"கேட்டுக்குங்க மகாராஜா! பொறுப்பாளர் இல்லாத காலத்துல பூமியே உருகி ஓடியிருக்கு. எங்க தாத்தா பொறுப்பேத்த பிறகு ஒருநாளாவது உருகுச்சா? பாதி உடையும்னு பாப்பாவே சொல்லுது. மீதிப் பாதி உடையாம யாரு பிடிச்சு வெச்சிருக்கா?"

புலி ராஜா தரையைப் பார்த்தார். நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். பிறகு, "ஐயாவுக்குக் கிழங்கை இரட்டிப்பாக்குங்க" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

"ராஜா, அது தானா நடக்கிற..." என்று செதிலி ஆரம்பித்தாள்.

"எங்களை உருக வெச்சுட்டுத்தான் போவியா?" என்று உறுமினார் புலி.

செதிலிக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. உருண்டையாகச் சுருண்டுகொண்டாள். சபை கலைந்தது. தொந்தியப்பன் கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உருண்டை மெல்லப் பிரிந்து ராஜாவிடம் போவதைப் பார்த்தார்.

"ராஜா, சூரியன் உதிக்கிற பொறுப்பு யார்கிட்ட இருக்குங்க?"

"காட்டுச்சேவல்கிட்ட. ஏன்?"

"அஸ்தமனம்?"

புலி யோசித்தார். "அது காலியாத்தான் இருக்கு."

நீதி: உண்மையைக் கண்டுபிடித்தால் பதறிப்போய் வெளியே சொல்லிவிடாதீர்கள், முதலில் பக்கத்தில் ஏதாவது பதவி காலியா என்று விசாரியுங்கள்.