ஸ்பூன் பட்லரின் நாற்காலி

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒயினைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தெரு ஸ்பூன் பட்லர்தான். ரிச்சர்ட்ஸ் டவுன் என்ன, மைசூர் ராஜ்யத்திலேயே அவருக்கு இணை கிடையாது என்று எந்தச் சாமி முன்னாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அப்பேர்ப்பட்டவர் தம் ஆயுளில் ஒரு கிளாஸ் ஒயின்கூட முழுசாகக் குடித்ததில்லை என்பதற்கும் நானே சாட்சி. அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஸ்பூன் பட்லர் ஒரு ராணுவ துரையின் பங்களாவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் ஒரு சட்டம். ஒயின் மேஜைக்குப் போகுமுன் கெட்டிருக்கிறதா என்று பட்லர் ருசி பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு ஸ்பூன். துரை கப்பலேறிய பிறகும் மனிதர் அந்தச் சட்டத்தை விடவில்லை. வெள்ளைக் கோட்டின் மேல் பையில், கைக்குட்டையில் சுற்றிய டீஸ்பூன் ஒன்று எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டில் கிளாஸை நிரப்பி நீட்டினால், அதற்குள் ஸ்பூனை விட்டு ஒரு முறை எடுத்து ருசித்துவிட்டு, மிச்சத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருப் பெண்களுக்குப் பட்லர் பயம் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு திராட்சை ஒயின் போடுவார்கள். கறுப்புத் திராட்சையைக் கையால் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் லவங்கமும் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, சமையலறை மூலையில் வைத்துவிடுவார்கள். ஜாடி திறக்கிற வாரம் பட்லர் கோட்டுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு, அழைப்பே இல்லாமல் ஒவ்வொரு வீடாக ஏறுவார். ஸ்பூன் வெளியே வரும். கண்ணை மூடுவார். வீட்டுக்காரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"எஸ்தர்ம்மா, கலர் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா இதுல மாங்கா ஊறுகா வாசனை அடிக்குதே?"

"அது வேற ஜாடி பட்லரே."

"ஜாடி வேறயா இருக்கலாம். மூடி?"

எஸ்தரம்மா அந்த வருஷம் முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அடுத்த வருஷம் புது மூடி வாங்கினார். இன்னொரு வீட்டில், "இதை ஒயின்னு சொன்னா திராட்சைக்குக் கோவம் வரும், பாயசம்னு சொல்லுங்க, பராபர், சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். நன்றாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார், "துரைக்கு வெக்கலாம்". அந்த வார்த்தையைக் கேட்ட வீட்டில் அன்று ரோஸ் குக்கீஸ் என்கிற அச்சு முறுக்கு ஒரு தட்டு அதிகமாகக் கிடைக்கும்.

யார் வீட்டில் விருந்தென்றாலும் எதற்கு எது என்று அவரைத்தான் கேட்பார்கள். ஆட்டுக்கறிக்குச் சிவப்பு, சூப்புக்கு ஷெர்ரி, புட்டிங்குக்கு இனிப்பு ஒயின், எல்லாம் முடிந்து மேஜை விரிப்பை எடுத்த பிறகு போர்ட். சிவப்பு ஒயினைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட வேண்டும். "பாட்டில்லயே அடைஞ்சு கெடந்தது, கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாமல் நான் கேட்டேன்.

"சாம்பாருக்கு எது பட்லரே?"

அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்றபடி வெகு நேரம் யோசித்தார். மறுநாள் காலை நான் சைக்கிளை எடுக்கும்போது ஓடி வந்து, "கெடையாது சார். ராத்திரி பூரா யோசிச்சேன். பெருங்காயத்துக்கு முன்னாடி எதுவும் நிக்காது" என்றார். முகத்தில் தூக்கமில்லை.

துரை போகும்போது பட்லருக்குப் பன்னிரண்டு பாட்டில்களை விட்டுப்போனார். பதினொன்றை அங்கங்கே கல்யாணம், ஞானஸ்நானம் என்று கொடுத்துவிட்டார். மிச்சம் ஒன்று, இருபத்தைந்து வருஷத்துப் பழைய போர்ட் ஒயின். அது அவருடைய ஒற்றை அறையில் கட்டிலுக்கு அடியில் ஈரச் சாக்கில் சுற்றிப் படுத்திருக்கும். வெயில் காலத்தில் கட்டிலுக்கு அடியில் காற்றில்லை என்று பாட்டிலைக் கட்டில் மேல் படுக்க வைத்துவிட்டு இவர் தரையில் படுப்பார். அது அசையக் கூடாது. அசைந்தால் அடியில் படிந்த மண்டி கலங்கிவிடும்.

ஒரு தடவை தெருவுக்குத் தார் போட ரோடு ரோலர் வந்தது. பட்லர் கோட்டை மாட்டிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றார். "ஒளகே ஒப்பரு மலகித்தாரே" என்று கன்னடத்தில் கையைக் கூப்பினார். உள்ளே ஒருவர் படுத்திருக்கிறாராம். யாரோ பெரிய நோயாளி என்று நினைத்து மேஸ்திரி ரோலரை நிறுத்தி, அடுத்த தெருவை முதலில் போட்டார். போதாததற்கு, சாயங்காலம் போகும்போது இரண்டு ஆரஞ்சுப் பழம் வேறு கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் தெருவுக்குப் போட்டபோதும் அவர் அறை வாசலில் மட்டும் பத்தடிக்குத் தார் போடவில்லை. அந்தப் பள்ளத்தில் நான் எத்தனை முறை சைக்கிளோடு விழுந்திருக்கிறேன் தெரியுமா.

"அப்படிப் பொத்திப் பொத்தி வெச்சு என்னதான் செய்யப் போறீங்க? ஒரு நாள் திறந்து குடிச்சிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"துரை போறப்ப சொன்னாரு சார். இவ்ளோ வருஷம் நின்னுட்டே ஊத்தின, இதை நீ மேஜையில உக்காந்து ஒரு கிளாஸ் முழுசா குடிக்கணும்னு."

"உட்கார வேண்டியதுதானே."

"நாமளா போய் உக்காந்தா அது மேஜை இல்ல சார், பெஞ்சு. வீட்டுக்காரரு 'உக்காருங்க'ன்னு சொல்லணும். அப்பதான் மேஜை."

எங்கள் தெருவில் அப்போது சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது என் வீட்டில் மட்டும்தான். ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, ஆறு நாற்காலியோடு எடுத்துப் போட்டேன். எடுத்தேனே தவிர, நாங்கள் தரையில்தான் இலை போட்டுச் சாப்பிட்டோம். மேஜை மேல் இஸ்திரி போடுவோம், அப்பளம் காயவைப்போம். பட்லர் என் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் அந்த மேஜையை ஒரு பார்வை பார்ப்பார். எனக்குப் புரியாமல் இல்லை.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. தங்கவயலிலிருந்து மாமியார் வந்திருந்தார். பெண் குழந்தை, நல்ல எடை. தாய்தான் துவண்டு போயிருந்தாள். பார்க்க வந்த நர்ஸம்மா, "தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் போர்ட் ஒயின் ரெண்டு ஸ்பூன் குடுங்க, ரத்தம் ஊறும்" என்றார். அந்தக் காலத்துக் கன்டோன்மென்டில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அது பூண்டுக் குழம்பு மாதிரி. நான் பட்லரிடம் ஓடினேன்.

கடைக்குக் கூடவே வந்தார். அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது சர்க்கரைத் தண்ணி. இது சாயம். இதைக் குடுத்தா கொழந்தை நம்மளை மன்னிக்காது" என்று கடைக்காரர் காதுபடவே சொல்லிவிட்டு என்னை வெறுங்கையோடு திருப்பிக் கூட்டிவந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பட்லர் இரண்டு கையிலும் அந்தக் கடைசிப் பாட்டிலைப் படுக்கை வசத்தில் ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து என் வீட்டுக்கு நடந்து வந்தார். இருநூறு தப்படி தூரத்துக்கு அரைமணி நேரம். பின்னால் வந்த ஜட்கா வண்டிக்காரன் மணி அடிக்கக்கூட மனசில்லாமல் குதிரையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

பாட்டிலை மெதுவாக நிமிர்த்தி அலமாரி மேல் வைத்தார். "ரெண்டு நாள் இப்படியே நிக்கணும், மண்டி கீழ எறங்கிடும். யாரும் தொடக் கூடாது. ஞாயித்துக்கெழமை பகல்ல நானே வந்து தெறக்கிறேன். தெறந்தப்புறம் ஒரு வாரம் ருசி நிக்கும், அம்மாவுக்குப் போதும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மொத கிளாஸ் மட்டும்..." என்று மேஜையைப் பார்த்தார்.

"மொத கிளாஸ் நீங்களும் நானும் உட்கார்ந்து குடிக்கிறோம் பட்லரே. என்ன சொல்றீங்க?" என்றேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆனாலும் மனசாரத்தான் சொன்னேன். அவர் கோட்டுப் பொத்தானைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேஜையிலிருந்த இஸ்திரிப் பெட்டியையும் அப்பளத்தையும் அப்புறப்படுத்தினேன். பட்லர் தம் கையாலேயே துடைத்து, வெள்ளை விரிப்பு போட்டு, துரை வீட்டுக் கிளாஸ் இரண்டை எதிரெதிரே வைத்தார். மெழுகுவர்த்தி கொளுத்தி அதன் முன்னால் பாட்டில் கழுத்தைப் பிடித்தார். முகம் மாறிவிட்டது. உள்ளே சேறாகக் கலங்கியிருந்தது.

"யாரோ ஆட்டிட்டாங்க சார்."

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "நான்தான் மாப்ள. போறப்ப வர்றப்ப எல்லாம் குலுக்கி வெச்சேன். மருந்துன்னா அடியில தங்காம குலுக்கணும் இல்ல? எங்க ஊர்ல காம்பவுண்டர் குலுக்காம குடுத்தா நாங்க வாங்கவே மாட்டோம்."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இருபத்தைந்து வருஷத் தூக்கத்தை என் மாமியார் இரண்டே நாளில் கலைத்துவிட்டார். பட்லர் அவரைப் பார்த்து, "பரவால்ல பெரியம்மா, பொண்ணு மேல இருக்கிற பாசம்" என்று சொல்லிவிட்டு, துவைத்த மல் துணி ஒரு முழம் கேட்டார். பிறகு கண்ணாடிக் கூஜாவில் சொட்டுச் சொட்டாக வடிகட்டத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கடைசியில் கூஜாவில் கருஞ்சிவப்பாக, மாசு மருவில்லாமல் நின்றது. வீடு முழுக்க ஒரு வாசனை. குழந்தைகூட அழுகையை நிறுத்தியது போலத் தோன்றியது.

"வாங்க பட்லரே" என்று நான் நாற்காலியை இழுத்தேன். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். நான் அப்போது டெம்பரரி. என்னை நிரந்தரமாக்கும் காகிதம் மூன்று மாதமாக அவர் மேஜையில் இருந்தது. அவர் நேராக வந்து, பட்லருக்காக நான் இழுத்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா இது, பெரிய ஏற்பாடெல்லாம் பலமா இருக்கே?"

பட்லர் என்னைப் பார்த்தார். ஆறு நாற்காலியில் இன்னும் ஐந்து காலியாக இருந்தன. ஒன்றை இழுத்து, 'இவர் என் விருந்தாளி, உட்காருங்க பட்லரே' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வேலைக்கார உடுப்பில் நிற்பவரை எனக்குச் சமமாக உட்கார வைத்தால் ஹெட் கிளார்க் என்ன நினைப்பாரோ என்று என் பாழும் புத்தி கணக்குப் போட்டது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"பட்லர், சாருக்கு ஒரு கிளாஸ்."

'பட்லரே' கூட இல்லை, 'பட்லர்'. அவர் கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வலப்பக்கமாக வந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கிளாஸிலும் ஊற்றினார். ஊற்றிவிட்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார். ஹெட் கிளார்க் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இருமல் மருந்து மாதிரி இருக்குப்பா. சோடா இருக்கா?"

சோடாவும் பட்லரே வாங்கி வந்தார். என் கிளாஸை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ருசியும் ஞாபகம் இல்லை. ஹெட் கிளார்க் கிளம்பிய பிறகு சமையலறைக்குப் போனேன். பட்லர் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூஜாவில் ஸ்பூனை விட்டு ருசி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஸ்பூன். நின்றபடிதான்.

"பட்லரே, நான்..."

"துரைக்கு வெக்கலாம் சார்" என்றார். சிரித்தார் வேறு. "மிச்சம் அம்மாவுக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். குலுக்க வேணாம்னு பெரியம்மாகிட்ட சொல்லுங்க."

என் மனைவி ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினாள். எனக்கு வேலையும் நிரந்தரமாயிற்று. ஞாயிறுதோறும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஏதாவது காரணம் சொல்லிவிடுவார். சில மாதங்களில் அத்திபெலேயில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தடவினார். நான் நாற்காலியை இழுத்து, "உக்காருங்க பட்லரே" என்றேன். வார்த்தை இப்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்றார். பஸ் சாயங்காலம்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த மேஜை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. தபால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், பால்காரர் என்று யார் படியேறினாலும் என் வாயில் முதலில் வருவது "உக்காருங்க" என்பதுதான். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் உக்கார வெச்சு என்னத்தைக் கண்டீங்க?" என்று மனைவி சலித்துக்கொள்வாள். அவர்களும் பாவம், மறுக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் எதிரே உட்காரும்போதெல்லாம், சுவரோரம் கையில் துண்டோடு ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரிகிறது.