வாஷருக்கு வந்த புரட்டாசி

காக்களூர்,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பார்த்திபன் அவர்களுக்கு, மாமனார் ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. ஓசூரில் தாங்களும், ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் பூமிகாவும் சுகமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். இவ்விடம் நானும் உங்கள் அத்தை ஈஸ்வரியும் பூனைக்குட்டிகள் மூன்றும் சௌக்கியம். மூன்று என்று பேனா எழுதிவிட்டது, சௌக்கியம் இரண்டுக்குத்தான். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். நான் போனில் பேசினால் நாலு ஊட்டுக்குக் கேட்கும், அதில் முதல் ஊடு எங்களுடையது.

பூமிகா செல்லமாக வளர்த்த பூனை மூணு குட்டி போட்டுட்டு, ஒன்றரை மாசத்துல எங்கயோ போயிட்டுது. முப்பத்தொரு வருஷம் போல்ட்டு கம்பெனியில வேலை பார்த்தவனுக்கு வேற பேரா தோணும்? நட்டு, போல்ட்டு, வாஷர்னு வெச்சேன். வாஷர்தான் பொடிசு, உள்ளங்கையில அடங்கிடும். பசும்பால் ஊத்தினேன், மறுநாள் மூணுக்கும் வயித்தால போவுது. பதறிப்போயி மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட தூக்கினு ஓடினேன். "பால் இதுங்களுக்கு ஆவாது சார். வளர்ற குட்டி, கறி மீன் இல்லாம நிக்காது. மீனை வேகவெச்சு முள்ளெடுத்துக் குடுங்க, உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் போடாதீங்க. இல்லன்னா குட்டிங்களுக்குன்னே விக்கிற தீனியை வெந்நீர்ல ஊறவெச்சுக் குடுங்க. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா"ன்னாங்க. சரிம்மான்னு தலையாட்டிட்டு வந்தேன். அன்னிக்குத் தேதி இன்னா தெரியுமா மாப்ள? புரட்டாசி ஒண்ணு.

பூமிகாவுக்கு சுகப்பிரசவம் ஆவணும்னு உங்க அத்தை இந்த வருஷம் கடும் விரதம். மாசம் முழுக்க ஒரு முட்டை ஓடுகூட வாசப்படி தாண்டக்கூடாதுன்னு வேண்டிக்கினு இருக்கா. தீனி பாக்கெட்டை வாங்கினு வந்தேன், அதுல கோழிப் படம் போட்டிருக்கான் பாவி. "படமா இருந்தாலும் கோழி கோழிதான்"னு தெருவுலயே நிறுத்திட்டா. கடைக்கே திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். குட்டிங்களுக்குத் தயிர்சாதம். நட்டும் போல்ட்டும் தலையெழுத்தேன்னு தின்னுதுங்க. வாஷர் மட்டும் மோந்து பார்த்துட்டு என் மூஞ்சைப் பார்க்குது. கத்தணும்னு வாயைத் தொறக்குது, சத்தம் வரல. எனக்குத் தாங்கல மாப்ள.

பக்கத்துத் தெரு பீட்டரு என்கூட அதே கம்பெனியில இருந்தவன். அவன் ஊட்ல புரட்டாசி கிடையாது. அவன் சம்சாரம் ஹெலன் மீனை வேகவெச்சுக் குடுக்குது. உப்பு மொளகா இல்லாம மீன் பண்றது அதுக்கு மானக்கேடாம். "அண்ணே, இது என் சமையல்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னுது. வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு மூணையும் துணிப்பையில போட்டுக்கினு நாலு வேளையும் போறேன். "போங்க, சுகர் கொறையும்"னு உங்க அத்தையே அனுப்பி வெக்கிறா. மறைக்காம சொல்லிடறேன், ஹெலன் வறுத்த மீன்ல ஒரே ஒரு துண்டை என் கையில குடுத்துது. பெண்பிள்ளை குடுத்ததை எப்படி மாப்ள மறுக்கறது?

அங்கதான் வந்தது வெனை. நட்டும் போல்ட்டும் கொழுகொழுன்னு ஆயிடுச்சுங்க. வாஷருக்கு மட்டும் வயிறு உப்பி, மறுபடியும் வயித்தால போயி, சுருண்டு படுத்துடுச்சு. டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, "அளவுக்கு மீறித் தின்னுது. ஊட்ல வேற யாராச்சும் குடுக்கறாங்களா?"ன்னு கேட்டாங்க. "சத்தியமா நான் ஒருத்தன்தாம்மா"ன்னேன். அப்போ இதுக்கு இன்னா அர்த்தம்? பெருமாள் கணக்கு தீர்க்கறாரு. தண்டனை வாஷரோட நிக்குமா, மாப்ள? அந்த விரதம் யாருக்காக? மீனை நிறுத்தினா இந்தக் குட்டி செத்துப்பூடும். நிறுத்தலன்னா, அதை எழுதவே கை வரல. ஒரே பேஜாரா கீது. நீங்க படிச்சவங்க, நீங்களே ஒரு வழி சொல்லுங்க. அத்தைக்கும் பூமிகாவுக்கும் மட்டும் தெரிய வேணாம்.

தங்களுக்கு என் வணக்கமும், பூமிகாவுக்கும் அவள் வயிற்றில் இருக்கும் செல்வத்துக்கும் என் ஆயிரம் ஆசிகளும்.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்

பி.கு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதறது. கவரை சோத்துப் பருக்கையால ஒட்டி வெச்சுட்டு அவரு வாக்கிங் போயிருக்காரு, பையில நட்டும் போல்ட்டும் மட்டும். ஈரம் காயறதுக்குள்ள பிரிச்சுட்டேன். வாஷர் வயிறு உப்பினது பெருமாள் வேலை இல்ல, என் வேலை. அது வாயைத் தொறந்து சத்தம் வராம நின்னதை நானுந்தானே பார்த்தேன்? வாசப்படி தாண்டக்கூடாதேன்னு, தோட்டத்துப் பக்கமா அதுக்கு மட்டும் தெனம் ரெண்டு வேளை அவிச்ச மஞ்சக்கரு குடுத்தேன். இவரு மீன் குடுக்கற விஷயம் நேத்து ஹெலன் சொல்லித்தான் தெரியும். இவரு தின்ன துண்டும் ஒண்ணு இல்லையாம், தெனம் ரெண்டாம். நேத்தே நான் நிறுத்திட்டேன். இன்னிக்கு வாஷர் எழுந்து வந்து என் முந்தானையைக் கடிச்சு இழுக்குது. பூமிகாவுக்கு ஒண்ணும் ஆவாது. விரதம் எனக்கு, வளர்ற குட்டிக்கு இன்னா விரதம்? புள்ளை பொறக்கப்போற ஊட்ல எந்தக் குட்டியும் பசியோட கெடக்கக்கூடாதுன்னு பெருமாள்கிட்ட அன்னிக்கே பேசிட்டேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரிட்டயர்டு ஆனதுலருந்து சேரை விட்டு எழுந்துக்காத மனுஷன், இப்பத்தான் நாலு வேளை நடக்கறாரு. அடுத்த சனிக்கிழமை பெருமாள் தளிகைக்கு வர்றப்போ அந்தத் தீனி ரெண்டு பாக்கெட் வாங்கினு வாங்க. கோழிப் படத்து மேல காகிதம் ஒட்டிடுங்க.